பத்தியம் சொல்லும் படிப்பு

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் காலை, ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டியிலிருந்து நம் அங்கத்தினர் ஒருவர் துண்டுத் தாள் ஒன்றைக் கையில் பிடித்தவாறு நம் அலுவலகத்திற்கு வந்தார். தேனிப் பேருந்து நிலையத்தில் யாரோ ஒருவர் அவரிடம் கொடுத்த தாள் அது. 'ஆறே மாதத்தில் மருத்துவமனை உணவியல் நிபுணர் ஆகலாம். வேலை நிச்சயம்' என்று அதில் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படிக்கிறாள். தாய்வழிப் பாட்டிக்கு நீரிழிவு நோய் இருப்பதால் அளவறிந்து உணவு கொடுக்கும் பொறுப்பைச் சிறு வயதிலிருந்தே அப்பெண் ஏற்றிருக்கிறாள். படித்தால் இப்படிப்பே படிப்பேன் என்று கூறுகிறாளாம். தாளிற் கண்ட கட்டணத்திற்குச் சங்கத்தில் கடன் கிடைக்குமா என்பதே அங்கத்தினரின் கேள்வி.

அவருக்கு அன்றே விடை கூற நாம் துணியவில்லை. இவ்விஷயத்தில் நாமே ஒரு முறை தவறியிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன், உத்தமபாளையம் பக்கத்துத் திராட்சை விவசாயி ஒருவர் தம் மருமகளுக்காக இதே கேள்வியைக் கேட்டபோது, வீட்டிலிருந்தபடியே அஞ்சல்வழியில் படிக்கலாம், செலவும் குறைவு என்று சொல்லி அனுப்பினோம். அவ்வழி இன்று அடைபட்டுவிட்டது. அதனைப் பின்னர்க் கூறுவோம். ஆகவே இம்முறை விசாரித்து அறிந்தவற்றை, கேட்ட ஒருவருக்கு மட்டும் சொல்லாமல், எல்லா அங்கத்தினர்களும் காணும்படி இங்கே எழுதுகிறோம்.

முதலில், இது எத்தகைய வேலை என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். உணவியல் நிபுணர் என்றவுடன், 'இனிப்பைக் குறையுங்கள், கீரையைச் சேருங்கள்' என்று பொதுப்படச் சொல்லும் ஒருவரே பலர் நினைவுக்கு வருகிறார். அதைச் சொல்வதற்குப் பட்டம் வேண்டியதில்லை. நம் வீட்டுப் பாட்டிமாரே போதும். மருத்துவ ஊட்டவியல் என்பது வேறு.

நம் பள்ளத்தாக்கிலேயே ஓர் உதாரணம் காண்போம். சிறுநீரகம் பழுதுபட்டு மருத்துவமனையில் இருக்கும் ஒருவரைக் காணச் செல்கிறோம். வெறுங்கையுடன் போவது நம் வழக்கமன்று. சின்னமனூர், கம்பம் பகுதிகளிலிருந்து செல்பவர் எதைக் கொண்டு போவார்? தம் தோட்டத்து வாழைப்பழச் சீப்பையும் நான்கு இளநீரையும் கொண்டு போவார். அன்பின் மிகுதியால் செய்வதுதான். ஆனால் இவ்விரண்டிலும் பொட்டாசியம் என்னும் உப்பு நிறைந்திருக்கிறது. நல்ல சிறுநீரகம் மிகுதியானதை வெளியேற்றிவிடும். பழுதுபட்ட சிறுநீரகத்தால் அது இயலாது. இரத்தத்தில் அவ்வுப்பு ஏறினால் நெஞ்சின் துடிப்பு தடுமாறும். மிகுந்து ஏறினால் துடிப்பு நின்றுவிடவும் கூடும். காய்ச்சலுக்கும் களைப்புக்கும் அமிழ்தம் என்று நாம் போற்றும் இளநீர் அந்த ஒரு கட்டிலருகே ஆபத்தாகிறது.

இதற்காக அந்நோயாளிக்குக் காயும் பழமும் அறவே கூடாது என்று விலக்கிவிடுவதும் தவறு. உண்ணாமல் மெலிந்தால் அதனாலும் தீங்கு உண்டு. காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்து ஊற்றிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் பெருமளவு குறையும். எந்தப் பழம் எவ்வளவு கொள்ளலாம், பருப்பு எத்தனை கரண்டி, உப்புக்கு மாற்றாகக் கடையில் விற்கும் பொருளை ஏன் தொடக்கூடாது (அதில் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருப்பதுண்டு) என்பனவற்றை இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வகுக்க வேண்டும். மறுவாரப் பரிசோதனையில் எண்கள் மாறினால் உணவும் மாற வேண்டும். இதுவே அந்நிபுணரின் வேலை. வருசநாட்டு மலையடிவாரத்தில் சோளமும் குதிரைவாலியும் உண்ணும் வீட்டாருக்கு ஓட்ஸ் கஞ்சியையும் ஆப்பிளையும் எழுதிக் கொடுப்பவர் பட்டம் பெற்றிருந்தாலும் பாதி வேலையே செய்தவராவார். நம் ஊர்ப் பெண்ணுக்கு இங்கே ஓர் இயற்கையான முதல் உண்டு என்பது நம் எண்ணம். கேழ்வரகுக் களிக்கும் கூழுக்கும் வேறுபாடு அவளுக்குப் பாடப் புத்தகம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கூறுவோம். பலநாள் பட்டினியாலோ நோயாலோ எலும்பும் தோலுமாகிவிட்ட ஒருவர் வந்தால், வயிறார உணவிடுவதுதானே அறம் என்று தோன்றும். அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். வற்றிய உடலுக்குத் திடீரென நிறைய உணவு புகுந்தால் இரத்தத்தில் பாஸ்பேட் முதலிய உப்புகள் சரிந்து உயிருக்கே கேடு வரலாம். சிறிது சிறிதாக, அளந்து, கண்காணித்து ஏற்ற வேண்டும். காசநோயாளிகளிடையே இவ்வாறு மிக மெலிந்தவர்களை முதல் நாளிலேயே கண்டறிந்து மருத்துவமனையில் சேர்ப்பதற்காகத் தமிழ்நாட்டில் 2022இல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்னும் முயற்சி தொடங்கப்பட்டது. எடையும் உயரமும் பார்ப்பதைப் பயிற்சி பெற்ற எவரும் செய்யலாம். மெலிந்தவர் படுக்கைக்கு வந்த பிறகு என்ன செய்வது என்பதற்குத்தான் தேர்ந்த ஆள் வேண்டும்.

குறுகிய பயிற்சியை நாம் இகழ்வதாக எவரும் கருத வேண்டாம். அதனால் பெரும் நன்மை விளைந்ததை நம் வட்டாரமே கண்டிருக்கிறது. தேனி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1996இல். அதற்கு முன் நாம் மதுரை மாவட்டத்தவர். அம்மாவட்டத்தின் கொட்டாம்பட்டி வட்டாரத்தில்தான் 1980இல், உலக வங்கியின் உதவியுடன், தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதலிற் சோதனையாகத் தொடங்கப்பட்டது. அந்தந்த ஊர்ப் பெண்களையே தேர்ந்தெடுத்துக் குறுகிய காலப் பயிற்சி அளித்தனர். அவர்கள் 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடையை அட்டையிற் குறித்தனர். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை வழங்கி, தேறியவுடன் நிறுத்தினர். எல்லாருக்கும் எப்போதும் சோறு போடுவதினும் இது சிக்கனமானது என்று வெளிநாட்டாரும் வந்து பார்த்தனர். பட்டம் பெறாத கிராமப் பெண்கள் செய்த வேலை அது. ஆனால் அவர்களுக்குக் கொடுத்தது ஒரு தராசு, ஓர் அட்டை, தெளிவான ஒரு விதி. அவர்களை எவரும் சிறுநீரக நோயாளியின் கட்டிலருகே நிறுத்தவில்லை. துண்டுத் தாளில் கண்ட ஆறு மாதப் படிப்பு அந்தப் பெண்கள் செய்ததைப் போன்ற வேலைக்குப் பயன்படுமாயின் நமக்கு ஆட்சேபம் இல்லை. 'மருத்துவமனை நிபுணர்' என்று பெயர் சூட்டுவதே குற்றம்.

இத்துறையின் வேரும் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1918இல் குன்னூரில் ராபர்ட் மக்கரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோய் பற்றிய விசாரணையைத் தொடங்கினார். தீட்டிய பச்சரிசியையே நம்பி உண்போரிடம் அந்நோய் மிகுதி. புழுங்கலரிசி உண்போரிடம் குறைவு. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து உள்ளே இறங்குவதே காரணம். முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் இருபோகம் நெல் விளைவிக்கும் நமக்கு இது அறிய வேண்டிய செய்தி. அந்த ஆய்வுக்கூடம் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அதனை நெடுங்காலம் நடத்திய டாக்டர் சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். கோயம்புத்தூரில் அவினாசிலிங்கம் மனையியற் கல்லூரி 1957இல் தோன்றியது. அங்கே ராஜம்மாள் தேவதாஸ் அம்மையார் இக்கல்வியைப் பெண்களுக்குரிய ஒரு தொழிற்கல்வியாகவே வளர்த்தார்.

இனி, வழிகளைக் காண்போம். நெடுநாளாக உள்ள வழி, மூன்றாண்டுப் பட்டம், அதன்மேல் ஈராண்டு முதுகலை அல்லது ஓராண்டுப் பட்டயம், பிறகு மருத்துவமனையில் உள்ளிருப்புப் பயிற்சி என்பது. நான்காண்டுப் பட்டமும் உண்டு. மதுரையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சமுதாய அறிவியல் கல்லூரி, 1980இல் மனையியற் கல்லூரியாகத் தொடங்கியது, உணவு, ஊட்டவியல், உணவியல் ஆகியவற்றை ஒரே பட்டமாகக் கற்பிக்கிறது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி என்பதால் விவசாயக் குடும்பத்தார் கவனிக்கத்தக்கது.

விரைவு வழி என்று ஒன்று உண்மையாகவே இருக்கிறதா? இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2024 நவம்பரில் இதற்கு நடைமுறை வகுத்தது. முதற் பருவத்திலோ இரண்டாம் பருவத்திலோ சிறந்து தேறிய மாணவர் விரும்பினால், பருவந்தோறும் கூடுதல் பாடங்களைக் கற்று, மூன்றாண்டுப் பட்டத்தை ஐந்து பருவத்திலும் நான்காண்டுப் பட்டத்தை ஆறு அல்லது ஏழு பருவத்திலும் முடிக்கலாம். ஒரு வகுப்பிற்கு அனுமதித்த இடங்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் இவ்வாய்ப்பு தரலாம். கல்லூரியின் குழு ஒன்று மாணவரின் தகுதியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். இவ்வாறு பெற்ற பட்டத்திற்கும் மற்றதற்கும் மதிப்பில் வேற்றுமை இல்லை. ஆக, சேரும்போதே விலைக்கு வாங்கக்கூடிய வழி இதுவன்று; சேர்ந்தபின் உழைப்பால் பெறுவது. கல்லூரி இதனை நடத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. சேர்க்கையின்போதே 'விரைவுப் பட்டம் உறுதி' என்று எவரேனும் சொன்னால் அவர் விதியைப் படிக்காதவர், அல்லது நாம் படித்திருக்கமாட்டோம் என்று எண்ணியவர்.

எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்கிட்டோம். மூன்றாண்டுப் படிப்பில் ஒரு பருவம், அதாவது ஆறு மாதம். ஆறு மாத விடுதிச் செலவு மிச்சம். ஆறு மாதம் முன்னதாகச் சம்பளம். ஒரு தறியின் கூலியில் வாழும் குடும்பத்திற்கு அது சிறு தொகையன்று. இதனை நாம் ஒப்புக்கொள்கிறோம்.

எனினும் இத்துறையில் இன்னொரு கணக்கும் உண்டு. அதுவே முக்கியமானது. துணை மருத்துவத் தொழில்களுக்கென 2021இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, தேசிய ஆணையம் ஒன்றை ஏற்படுத்தியது. அதன் அட்டவணையில் உணவியல் நிபுணரும் ஊட்டவியல் நிபுணரும் இடம் பெற்றுள்ளனர். சட்டத்தின்படி, சுகாதாரத் தொழில் வல்லுநர் எனப்படுவோரின் பட்டப்படிப்பு குறைந்தது 3,600 மணி நேரம் உடையதாகவும், மூன்று முதல் ஆறு ஆண்டுகளுக்குள் பரந்ததாகவும் இருக்க வேண்டும். 2025இல் அவ்வாணையத்தின் பேரால் வெளியான பொதுப் பாடத்திட்டங்களில் ஊட்டவியலும் உணவியலும் சேர்ந்த பாடத்திட்டமும் ஒன்று. 3,600 மணி என்றால் என்ன? நாளொன்றுக்கு 6 மணி வீதம் 600 நாள். பருவத்திற்கு 90 வேலைநாள் என வைத்துக்கொண்டு ஐந்து பருவத்தில் முடிக்க முற்பட்டால் 450 நாளே கிடைக்கும். நாள்தோறும் 8 மணி நேரம் வகுப்பிலோ ஆய்வுக்கூடத்திலோ மருத்துவமனையிலோ இருந்தால்தான் கணக்கு நேராகும். விடுமுறைகளைப் பயிற்சிக்குக் கொடுத்தால் சிறிது தளர்வு உண்டு. சட்டமோ மூன்றாண்டுக்குக் குறைவானதை ஏற்பதாகவும் இல்லை. ஆகவே இத்துறையில் பாடத்தைச் சுருக்கலாம். கட்டிலருகே நிற்கும் மணியைச் சுருக்க இயலாது. ஊடை இழைகளைக் குறைத்து நெய்தால் புடவை விரைவில் தறியிலிருந்து இறங்கும். முதல் சலவையில் அதன் குணம் தெரிந்துவிடும். கவாத்து செய்த திராட்சைக் கொடி பழம் தர ஏறக்குறைய 120 நாள் கேட்கிறது. மருந்தடித்து அதனை 60 நாளாக்க நம் விவசாயிகளில் எவரும் முயன்றதில்லை.

வெளிநாட்டாரும் இதே முடிச்சை அவிழ்க்கவே முயல்கின்றனர். அமெரிக்காவில் 2024 ஜனவரி முதல் பதிவுத் தேர்வெழுத முதுகலைப் பட்டம் கட்டாயமாயிற்று. அதனால் படிப்புக்காலம் நீண்டுவிடவே, பல பல்கலைக்கழகங்கள் இளங்கலையையும் முதுகலையையும் இணைத்து ஐந்தாண்டில் முடிக்கும்படி அமைத்துள்ளன. ஆனால் மேற்பார்வையின் கீழ் 1,000 மணி நேரப் பயிற்சி என்பதை அவர்கள் குறைக்கவில்லை. பாடங்களின் இடையே உள்ள இடைவெளியை நெருக்கினார்கள், பயிற்சியைத் தொடவில்லை. நம் நாட்டிலும் நான்காண்டு இளங்கலை முடித்தவருக்கு ஓராண்டில் முதுகலை தர மானியக் குழு இடமளித்துள்ளது. நேர்மையான சுருக்கம் என்பது இத்தகையதே.

அஞ்சல்வழிக்கு வருவோம். உணவும் ஊட்டவியலும், மருத்துவ ஊட்டவியலும் உணவியலும், மற்றும் 2021ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு உட்பட்ட பிற சுகாதாரப் படிப்புகளையும் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக்கூடாது என்று 2025 ஆகஸ்டில் மானியக் குழு ஆணையிட்டது. அவ்வாண்டு ஜூலை - ஆகஸ்டுச் சேர்க்கை முதலே இத்தடை செல்லும். சிறு குழந்தையை வைத்துக்கொண்டு, நடவும் களையெடுப்பும் போக இரவில் படிக்கலாம் என்று நம்பியிருந்த மருமகள்களுக்கு இது பெரும் இழப்பு. தடையின் நோக்கம் சரியே. நோயாளியைக் காணாமல் இத்தொழிலைக் கற்க இயலாது. ஆயினும் வீட்டைவிட்டு வர இயலாத பெண்ணுக்கு மாற்று வழியை அந்த ஆணை காட்டவில்லை. மருத்துவக் கல்லூரி உள்ள ஒவ்வோர் ஊரிலும் மாலை வகுப்பாகவேனும் இப்படிப்பு இருக்குமானால் குறை தீரும். தேனி அரசு மருத்துவக் கல்லூரி 2004 முதல் கானாவிலக்கில் இருக்கிறது. படுக்கைகளும் நோயாளிகளும் அங்கே இருக்க, பாடத்திற்கு மட்டும் மதுரைக்குப் போ என்பது சரியாகப் படவில்லை. இக்கோரிக்கையை நம் சங்கங்கள் தீர்மானமாக நிறைவேற்றி அரசுக்கு அனுப்பலாம்.

இருப்பதைக் கொண்டு நடக்க வேண்டுமாயின், மதுரை முன்போல் தொலைவன்று. அகன்ற பாதையாக மாற்றப்பட்டபின் 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிநாயக்கனூருக்கும் ரயில் மீண்டும் வந்தது. திண்டுக்கல் பக்கம் காந்திகிராமக் கிராமிய நிறுவனம் 1956 முதல் இருந்து வருகிறது. மனையியல் அதன் பழைய துறைகளில் ஒன்று. கொடைக்கானலில் 1984இல் தோன்றிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் நம் மலைக்கு மேலேயே இருக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. அவ்வுதவி தம் பிள்ளைக்குப் பொருந்துமா என்பதைப் பள்ளித் தலைமையாசிரியரிடமே கேட்டறியலாம்.

வேலை கிடைக்குமா என்பது கடைசிக் கேள்வி. தந்தைமாருக்கு அதுவே முதற் கேள்வி. நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 11.4 பேர் நீரிழிவுடையோர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வு 2023இல் தெரிவித்தது. தேவை இருக்கிறது. தேவை இருக்கும் அளவுக்குச் சம்பளம் கொடுக்கும் இடங்கள் இருப்பதாகக் கூறமாட்டோம். பெரிய மருத்துவமனைகள் மதுரையிலும் கோவையிலும் சென்னையிலும் இருக்கின்றன. சிற்றூர் மருத்துவமனைகளில் உணவு அறிவுரையை மருத்துவரோ செவிலியரோ இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கின்றனர். முதல் சில ஆண்டுகள் வெளியூரிலும் குறைந்த ஊதியத்திலும் இருக்க நேரலாம் என்பதை அறிந்தே பெண்ணை அனுப்ப வேண்டும்.

சக்கம்பட்டி அங்கத்தினர் மாசியில் மறுபடியும் வந்தார். இவற்றையெல்லாம் அவருக்குச் சொன்னபின், கல்லூரியிற் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். பட்டத்தை அளிக்கும் பல்கலைக்கழகம் எது. படிப்பின் மொத்த மணி நேரம் 3,600க்குக் குறையாமல் உள்ளதா. உள்ளிருப்புப் பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை மாதம், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா. விரைவுப் பட்ட முறையை அக்கல்லூரி உண்மையில் நடத்துகிறதா. நடத்தினால் இதுவரை எத்தனை பேர் அவ்வாறு முடித்தனர். விடைகளை வாயால் பெறாமல் எழுத்தில் பெறும்படி கூறினோம். துண்டுத் தாளில் இருந்த தொலைபேசி எண்ணுக்கு அவருடைய மகளே பேசி, முதற் கேள்வியைக் கேட்டாளாம். 'அதெல்லாம் சேர்ந்த பிறகு சொல்கிறோம்' என்று விடை வந்திருக்கிறது.

அவர் அத்தாளை நம் மேசையின்மேலேயே விட்டுச் சென்றார். கடன் விண்ணப்பப் படிவத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். தேர்வு முடிந்ததும் மகளை அழைத்துக்கொண்டு ரயிலில் மதுரைக்குச் சென்று இரண்டு கல்லூரிகளை நேரில் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். படிவத்தில் கல்லூரியின் பெயரை எழுத வேண்டிய வரி இப்போதைக்குக் காலியாக இருக்கிறது.